நினைவிடங்களில் பாடச் செல்லும் இளையோர் குழுவுக்கு
மொரீசியசில் இளையோர் பாடகர் குழுவை நினைவிடங்களுக்கு அழைத்துச் செல்வோர், 1834 முதல் ஏறத்தாழ ஐந்து லட்சம் ஒப்பந்தத் தொழிலாளர் வந்த வரலாற்றைத் தாங்கி நிற்கும் தலைநகர் போர்ட் லூயியின் ஆப்ரவாசி காட் (குடியேறிகள் வந்திறங்கிய துறை) வளாகத்தில் பயணத்தைத் தொடங்குவதே பொருத்தம். நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுத்துவழி அனுமதி பெறுங்கள். நவம்பர் 2 அத்தொழிலாளர் வருகையின் நினைவு நாளாதலால், கூட்டமில்லாத வேறு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

லெ மோர்ன் மலையடிவாரத்தில்தான் கவனம் அதிகம் வேண்டும். தப்பியோடிய அடிமைகள் புகலிடம் கொண்ட அம்மலையின் கதையைப் பிள்ளைகள் முன்பே அறிந்திருக்க வேண்டும். அறியாமல் பாடினால், சுருதி சேர்ந்தாலும் உணர்வு சேராது. திறந்த வெளியில் கடற்காற்று குரலை அடித்துச் செல்லும் என்பதால், காற்று முதுகுப்பக்கம் இருக்குமாறு அரைவட்டமாக நெருக்கி நிறுத்தி, துணைக்கு மிருதங்கத்தையும் சுருதிப்பெட்டியையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பாடலுடன், தீவு மக்களின் பேச்சுமொழியான கிரியோலில் பாடல் ஒன்றும் கட்டாயம் இடம்பெறட்டும். வெயில் ஏறுமுன் பாடி முடியுங்கள்.