மாமல்லபுரத்தில் எந்த வெயிலில் படம் எடுப்பது?

காலை வெயிலும் மாலை வெயிலும் நல்லது, உச்சிவெயிலில் கேமராவைத் தொடாதே என்று எல்லோரும் சொல்வார்கள். தப்பில்லை, ஆனால் அது பாதிதான். எடுக்கப்போவது எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று முதலில் பாருங்கள், எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கடற்கரைக் கோயிலின் பெரிய சந்நிதி கிழக்கே கடலைப் பார்த்திருக்கிறது. அதனால் கல்லில் அந்தத் தேன் நிறம் வேண்டுமென்றால் காலையில் கடல் பக்கமிருந்து எடுக்க வேண்டும், மாலையில் அந்த முகம் நிழலுக்குள் போய்விடும். கோயில் விமானம் (சந்நிதிக்கு மேல் எழும் கோபுரம்) மட்டும் கறுப்பாக, பின்னால் வானம் சிவந்து தெரிய வேண்டுமா, விடியும்போது எதிர்ப்பக்கம், அதாவது மேற்கே நில்லுங்கள். டிசம்பரில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி தெற்கே தள்ளி உதிக்கும், ஜூனில் அதே அளவு வடக்கே, ஆகவே போன தடவை நின்ற இடம் இந்தத் தடவை சரிப்படாது.

நம் பக்கம் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறுவதால் பொன்வெயில் முக்கால் மணி நேரம் நின்றாலே பெரிது. ஜனவரியில் 6.35 வாக்கில் உதயம், ஜூன் தொடக்கத்தில் 5.45க்கு முன்பே. அரை மணி முன்னதாகப் போய்விடுங்கள்.

அர்ச்சுனன் தபசு வேறு கதை. அதுவும் கிழக்கு பார்த்ததுதான், ஆனால் புடைப்புச் சிற்பம் என்பதால் விடிகாலை வெயில் நேர்முகமாக விழுந்து எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். ஒற்றைக்காலில் நிற்கும் தவசியின் விலா எலும்பைக் கவனியுங்கள்: ஏழு மணிக்கு வெறும் கோடுகளாகத் தெரிவது, குளிர்காலத்தில் பத்து மணிக்கு மேல் வெயில் இடப்பக்கம் மேலிருந்து சாய்ந்து விழும்போது ஒவ்வொன்றின் கீழும் நிழல் தங்கி, உடம்பே கல்லைவிட்டு வெளியே வந்ததுபோல் இருக்கும். பொன்வெயில் போய்விட்டதே என்று கிளம்புகிறவர்கள் இதைத்தான் விடுகிறார்கள்.

ஆட்களை எடுப்பதென்றால் கணக்கு மாறும். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு மேலேயே நிற்பதால் கண்குழி இரண்டும் இருண்டுவிடும். அப்போது மண்டபத்துக்குள் கூட்டிப்போங்கள், ஆனால் உள்ளே ஆழமாக வேண்டாம், வெயில் முடிகிற கோட்டுக்கு ஓரடி உள்ளே, முகம் வெளியே பார்க்க. வெளியே வெயில் படுகிற மணலோ கல்தரையோ கீழிருந்து வெளிச்சத்தைத் திருப்பித் தரும். மரத்தடியைவிட இது எவ்வளவோ மேல், அங்கே முகத்தில் பொட்டுப் பொட்டாக வெயில் விழும், நிறமும் பச்சையடிக்கும். சந்தேகமாக இருந்தால் உங்கள் உள்ளங்கையை முகத்துக்கு நேரே நீட்டி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள், நிழல் எந்தப் பக்கம் மென்மையாக விழுகிறது என்று கையிலேயே தெரியும்.

மாலையில் கடற்கரைக்குப் போனால் சூரியன் ஊர்ப்பக்கம்தான் மறையும். சரி, ஆளைக் கடலுக்கு முதுகு காட்டி நிற்கவையுங்கள். சூரியன் மறைந்து பத்து நிமிடத்தில், வானம் தெளிவாக இருந்தால், கடலுக்கு மேல் இளஞ்சிவப்பு ஏறும், முகத்துக்கும் மேற்கு வானத்தின் வெளிச்சம் போதும்.

ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்தில் பட்டுப்புடவை நிறம் அப்படியே வரும், வெளுத்த வானத்தை மட்டும் படத்துக்குள் விடாதீர்கள். அப்புறம் ஒன்று, வெள்ளை வேட்டிக்காரரை வெயிலில் எடுக்கும்போது மொபைல் திரையில் வேட்டியைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். இருண்ட முகத்தைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம், வெளுத்துப்போன வேட்டி மடிப்பு திரும்பி வராது.