இமை இழுப்புக்கு அறுவை சிகிச்சை: ஒப்புக்கொள்ளும் முன்பும் பின்பும்

தூக்கம் கெட்டாலோ காபி மிஞ்சினாலோ கீழிமை ஓரம் சில நாட்கள் துடித்துவிட்டுத் தானே அடங்கும். அதற்கு வலக்கண்ணா இடக்கண்ணா என்று பலன் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். இரு கண்களும் ஒருசேர இறுக மூடிக்கொண்டு, சாலையைக் கடக்கையில் விரலால் இமையைத் தூக்கிப் பிடிக்கும் நிலை வந்துவிட்டால், அது பிளெஃபரோஸ்பாசம் என்னும் இமை இழுப்பு நோயாக இருக்கக்கூடும்.

முதலில், இழுப்பு வரும்போது செல்பேசியில் காணொளி எடுத்து வையுங்கள். மருத்துவர் எதிரே அமர்ந்ததும் பலருக்கு அது சிறிது நேரம் அடங்கிவிடும். வெயிலில் கூடுகிறதா, நெற்றிப்பொட்டைத் தொட்டால் குறைகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கக் கண்ணோடு கன்னமும் வாயோரமும் சேர்ந்து இழுத்தால் அது வேறு நோய். மூளைத்தண்டின் அருகே ரத்தக்குழாய் முக நரம்பை அழுத்துவதே பெரும்பாலும் அதற்குக் காரணம் என்பதால், எம்.ஆர்.ஐ. எடுத்து நரம்பியல் அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டும். இழுப்பே இல்லாமல் இமை திறக்க மட்டும் மறுத்தால், இமையை நெற்றித் தசையோடு பிணைத்துத் தூக்கிவிடும் சிகிச்சை பொருந்தலாம்.

அமெரிக்காவில் 1989இல் அனுமதி பெற்ற, தசையைத் தளர்த்தும் பொட்டுலினம் ஊசிதான் இன்றும் முதல் சிகிச்சை. அதன் பலன் ஏறத்தாழ 3 மாதம் நிற்கும். ஒரே ஒரு ஊசி பயன் தரவில்லை என்பதற்காக அறுவைக்கு ஓடுவது அவசரம். அளவையும் போடும் இடத்தையும் மாற்றிப் பார்த்த பிறகே அந்தப் பேச்சை எடுக்கலாம்.

முன்பு முக நரம்பின் கிளைகளையே வெட்டினார்கள். முகம் தொய்ந்ததோடு இழுப்பும் திரும்பி வந்ததால் அந்த முறை பெரிதும் கைவிடப்பட்டது. இப்போது செய்யப்படும் மயெக்டமி என்னும் தசை நீக்க அறுவையில், பெரும்பாலும் மேலிமை மடிப்பில் கீறி, கண்ணைச் சுற்றி வளையமாக ஓடும் தசையையும், தேவையானால் புருவங்களைச் சுருக்கும் தசைகளையும் அகற்றுகிறார்கள். கோளாறின் வேர் மூளையில் இருக்க, வெட்டப்படுவது தசை மட்டுமே என்பதை மனத்தில் இருத்துங்கள். அறுவைக்குப் பிறகும் பலருக்கு ஊசி தேவைப்படும், ஆனால் அது முன்னைவிட நன்றாக வேலை செய்யக்கூடும்.

கண் வறட்சியை முன்னதாகவே சோதித்துவிடுங்கள். இமை முழுதாக மூடாமல் போனால் வறட்சி கூடும். நெற்றி மரத்துப்போவதும், வீக்கம் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தாமல், அதை எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்க வேண்டும்.

வீடு திரும்பியதும் தலையணையை உயர்த்திப் படுத்து, முதல் 2 நாட்கள் துணியில் சுற்றிய பனிக்கட்டியை அழுத்தாமல் ஒற்றியெடுங்கள். மருத்துவர் தந்த கண் களிம்பை இரவில் தவறவிட வேண்டாம். இமை கல்போல் வீங்கி, கடும் வலியோடு பார்வையும் மங்கினால், உள்ளே ரத்தம் கட்டி விழி நரம்பை அழுத்துகிறது என்று பொருளாகலாம். மறுநாள் பரிசோதனை வரை காத்திராமல், அந்த நேரமே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.