ஏ.என்.சி. 210, குழந்தை சிரிக்கிறது: நியூட்ரோஃபில் குறைவில் நாம் செய்யும் தவறுகள்

போன மாதம் ரவுண்ட்ஸில் ஒரு பி.ஜி. மாணவி ஓடிவந்தாள். “மேடம், ஏ.என்.சி. 210!” ஏ.என்.சி. என்றால் ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு எழுதிய சீட்டும் கையில் தயாராக இருந்தது. குழந்தையைப் பார்த்தேன். 10 மாதம், அம்மாவின் வளையலைக் கடித்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தது. 20 வருடங்களுக்கு முன்னால் நானே எழுதிய சீட்டு அது. கை கழுவுங்கள், கல்ச்சர் எடுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிட்டு, கைக்குழந்தைகளின் ஆட்டோஇம்யூன் நியூட்ரோபீனியாவில், அதாவது உடலின் ஆன்டிபாடியே நியூட்ரோஃபில்களை அழிக்கும் நோயில், நாம் தடுமாறும் இடங்களைச் சொல்கிறேன்.

மொத்த எண்ணிக்கையோடு நின்றுவிடுவது

வெள்ளை அணுக்கள் 7,000, நார்மல் என்று ரிப்போர்ட்டை மூடிவிடுகிறோம். அதில் நியூட்ரோஃபில் 4 சதவீதம்தான் என்றால் கணக்கு 280. பெருக்கிப் பாருங்கள். ஒரு வயதுக்கு மேல் 1,500-க்குக் கீழே போனால் குறைவு, கைக்குழந்தைக்கு 1,000. 500-க்குக் கீழே கடுமையான குறைவு.

இன்னொன்று. திருத்துறைப்பூண்டிப் பக்கம் காலையில் எடுத்த ரத்தம் வெயிலில் பஸ் ஏறி மாலையில் தஞ்சாவூர் லேபுக்கு வந்திருந்தால், அந்த எண்ணை நம்பாதீர்கள். புதிதாக எடுத்து, ஸ்லைடில் கண்ணால் எண்ணச் சொல்லுங்கள்.

ஒரே ரிப்போர்ட்டில் முடிவு கட்டுவது

வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு எண்ணிக்கை சரிவது சாதாரணம். சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

எண்ணுக்கு ஸ்டீராய்டு கொடுப்பது

இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்னும் கோபம் வரும், முக்கியமாக என் மீதே. நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி 9 மாதக் குழந்தையைக் கொண்டுவந்தார். காதில் சீழ், மற்றபடி ஒன்றுமில்லை. நியூட்ரோஃபில் 200. நான் பயந்துபோனேன். பிரெட்னிசலோன் ஆரம்பித்தேன். சில நாளில் 1,900. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அளவைக் குறைத்ததும் 240. மறுபடி ஏற்றினேன், மறுபடி இறங்கியது. இப்படி மூன்று சுற்று.

அந்த 1,900-இல் பாதி மாயம். ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக் கிடக்கும் அணுக்களை ஸ்டீராய்டு உதிர்த்து ஓட்டத்தில் விடும், எண்ணிக்கை ஏறினமாதிரி தெரியும். குழந்தைக்குக் கிடைத்ததோ உப்பிய முகமும், வாயில் வெள்ளையாகப் படிந்த பூஞ்சையும், ஏறிய ரத்த அழுத்தமும்தான். ஸ்டீராய்டு ஓடியதால் 9-ஆவது மாதத் தட்டம்மை ஊசியும் தள்ளிப்போனது. வார்டில் படுத்துக் கிடந்த நாட்களில் சம்பா நடவு தவறியது, நகை அடகுக்குப் போனது. ஒருநாள் குழந்தையின் பாட்டி கேட்டார்: “ஏன் டாக்டரம்மா, புள்ள வெளையாடிக்கிட்டுத்தான இருந்துச்சு, இந்த மருந்து எதுக்கு?” என்னிடம் பதில் இல்லை.

பதில் எளிதாகத்தான் இருந்தது. ஆட்டோஇம்யூன் நியூட்ரோபீனியாவில் எலும்பு மஜ்ஜை ஒழுங்காக உற்பத்தி செய்கிறது. ரத்தத்துக்கு வந்த நியூட்ரோஃபில்களை ஆன்டிபாடி அழிக்கிறது. தொற்று வந்தால் மஜ்ஜையின் கையிருப்பு வெளியே வரும், பல குழந்தைகளுக்கு அப்போது எண்ணிக்கையே ஏறும். அதனால்தான் 200 இருந்தும் பெரும்பாலும் காது, தோல், சளி என்று சின்னச் சின்னத் தொற்றோடு போகிறது. வழக்கமாக 5 முதல் 15 மாதத்துக்குள் தெரியவரும், பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வருடத்தில் தானாகவே சரியாகிவிடும். அந்தக் குழந்தைக்கும் எல்லா மருந்தையும் நிறுத்திய பிறகு, இரண்டரை வயதில் 2,000 வந்தது.

கடுமையான தொற்றோ அறுவை சிகிச்சையோ வந்தால், மஜ்ஜையைத் தூண்டும் ஜி-சி.எஸ்.எஃப். ஊசி இருக்கிறது. குறைந்த அளவே போதும். அடிக்கடி தொற்று வருகிற குழந்தைக்குக் கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக்கைத் தடுப்பாகக் கொடுக்கலாம்.

எல்லாவற்றையும் “ஆட்டோஇம்யூன்” என்று விட்டுவிடுவது

ஸ்டீராய்டு கொடுக்காதே என்றதும் சிலர் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். பிறந்த சில வாரத்திலேயே தொப்புளில் சீழ், ஆழமான கட்டி, ஈறு அழுகல், நிமோனியா என்று வந்தால் அது வேறு கதை. பிறவியிலேயே மஜ்ஜை உற்பத்தி செய்யாத நோயாக இருக்கலாம். அங்கே மஜ்ஜைப் பரிசோதனையும் ‘இலேன்’ மரபணுச் சோதனையும் வேண்டும். 21 நாளுக்கு ஒருமுறை வாய்ப்புண்ணும் காய்ச்சலும் திரும்பினால், நியூட்ரோஃபில் சுழற்சியாக இறங்கி ஏறும் வகையாக இருக்கலாம். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை என்று 6 வாரம் எண்ணிப் பாருங்கள். ஹீமோகுளோபினோ பிளேட்லெட்டோ கூடவே இறங்கினால், மண்ணீரல் தட்டுப்பட்டால், உடனே மஜ்ஜை பாருங்கள். இவை எதுவும் இல்லாத கொழுகொழு குழந்தைக்கு மஜ்ஜை ஊசி குத்த அவசரம் வேண்டாம்.

ஆன்டிபாடி நெகட்டிவ் என்று நோயையே மறுப்பது

ஒருமுறை நெகட்டிவ் வந்தால் ஒன்றும் நிரூபணமாகிவிடாது.

தடுப்பூசியை நிறுத்துவது

நிறுத்தாதீர்கள். ஆட்டோஇம்யூன் வகையில் நியூட்ரோஃபில் மட்டும் குறைவென்றால் தட்டம்மை-ரூபெல்லா உட்பட எல்லாமே போடலாம்.

காய்ச்சலை அலட்சியம் செய்வது

விளையாடும் குழந்தைதானே என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் அன்றே வரட்டும், நடுராத்திரியானாலும் சரி. பரிசோதித்து, கல்ச்சர் எடுத்து, முதல் டோஸ் ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டு, குழந்தையின் தெம்பைப் பார்த்து அட்மிஷன் முடிவு செய்யலாம். ஆசனவாயில் தெர்மாமீட்டரோ மாத்திரையோ வேண்டாம். இதைப் பெற்றோருக்கு ஒரு அட்டையில் எழுதியே கொடுத்துவிடுங்கள். தஞ்சாவூரில் சொன்னது வேதாரண்யத்தில் ராத்திரி டியூட்டி டாக்டருக்குத் தெரியாது.

மொட்டையும் காதுகுத்தும்

இந்த நோய் தெரியவரும் வயதும், வைத்தீஸ்வரன்கோயிலுக்கோ குலதெய்வத்துக்கோ முடி இறக்கும் வயதும் ஒன்றுதான். மொட்டைக்கு நான் தடை சொல்வதில்லை, புது பிளேடு என்றால் சரி. காதுகுத்தை மட்டும் எண்ணிக்கை ஏறும்வரை தள்ளிப்போடச் சொல்வேன். பாட்டிமார் முறைப்பார்கள். “தாய்மாமன் மடி எங்கே போயிடப்போவுது” என்று சொன்னால் பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள். மீதிப் பேர் எப்படியும் குத்திவிட்டுத்தான் அடுத்த முறை வருவார்கள். அப்போது திட்டாமல் காதைச் சுத்தம் செய்யச் சொல்லிக்கொடுங்கள்.