வேலி இல்லாமல் மாட்டை நிறுத்தும் பள்ளம்

கும்பகோணத்துக்கு மேற்கே எங்கள் வீட்டுக் கொல்லைக் கோடியில் வேலி கிடையாது. ஊஞ்சலில் உட்கார்ந்தால் தோட்டமும் சம்பா வயலும் ஒரே பச்சையாகத் தெரியும். ஆனாலும் மாடு உள்ளே வராது. இந்த யோசனை இங்கிலாந்தில் பக்கிங்ஹாம்ஷரிலுள்ள ஸ்டோ மாளிகையிலிருந்து எடுத்தது.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது காபம் பிரபுவின் வீடு. அவருக்குத் தோட்டம் அமைத்த சார்லஸ் பிரிட்ஜ்மேன், எல்லைச் சுவரைப் பள்ளத்துக்குள் இறக்கிக் கட்டினார். இப்படிப் பள்ளத்துக்குள் மறையும் சுவரை ஹா-ஹா என்பார்கள். மேய்ச்சல் நிலமும் தோட்டத்தோடு சேர்ந்தாற்போல் தெரிந்தது. 1741-இல் அங்கே வேலைக்கு வந்த லான்சலாட் பிரவுன், பிற்பாடு இந்தப் பாணியை நாடு முழுக்கக் கொண்டுபோனார். 1848-இல் கடன் முற்றி வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்குப் போயின. 1923 முதல் அது பள்ளிக்கூடம். பள்ளம் இன்னும் இருக்கிறது.

சரி, நம் ஊரில் எப்படி வெட்டுவது? பிரபுவுக்குப் பள்ளத்துக்கு அந்தப் பக்கமும் சொந்த நிலம். நமக்குப் பங்காளி நிலம். அதனால் முதலில் சர்வேயரைக் கூப்பிட்டுக் கல் ஊன்றுங்கள். பள்ளம் முழுக்க உங்கள் பட்டாவுக்குள் இருக்க வேண்டும். சரிவுக்கே பத்தடி போய்விடும்.

சித்திரையில் தொடங்கினால், மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள் முடிக்கலாம். வீட்டுப் பக்கம் நாலரை அடி ஆழத்துக்குச் செங்குத்தாக வெட்டி, வயல் பக்கம் மெல்ல ஏறும் சரிவாக விடுங்கள். செங்குத்துப் பக்கத்தில் செங்கல் சுவர்: அடிப்பாதி 14 அங்குலக் கனம், மேல்பாதி 9. கனம் குறையும் இடத்தில் வரும் படி மண் பக்கம் இருக்கட்டும். பள்ளத்துப் பக்கம் வழவழவென்று பூசுங்கள், ஆட்டுக்குக் கால் வைக்க இடம் கொடுக்கக் கூடாது. வெள்ளாடு விஷயத்தில் மட்டும் நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

நம் களிமண் மழையில் ஊறினால் சுவரைத் தள்ளும். தண்ணீர் வடிய, சுவரில் நாலடிக்கு ஒன்றாக அடியில் இரண்டு அங்குலக் குழாய்த் துண்டு வைத்து, பின்னால் செங்கல் ஜல்லி கொட்டுங்கள். பள்ளத்தின் தரை வடிகால் பக்கம் சாய வேண்டும். வடிகால் இல்லாத இடமென்றால் இதை விட்டுவிட்டு ஒதியம்போத்து (ஒதிய மரக் கிளை) நட்டு வேலி போடுங்கள். இல்லாவிட்டால் ஐப்பசி அடைமழையில் குளம் வெட்டின கதையாகிவிடும்.

சுவரின் விளிம்பு வீட்டிலிருந்து தெரியாது, ராத்திரி ஆள் விழுந்துவிடும். இட்லிப்பூச் செடியை வரிசையாக நட்டு முழங்காலுக்குக் கீழே வெட்டி வையுங்கள். சரிவில் மண் அரிக்காமலிருக்க வெட்டிவேர். தீவனப் புல் மட்டும் வேண்டாம், ஊர் மாடெல்லாம் அங்கேதான் நிற்கும்.