கடல் மீன்தொட்டிக்கு மணல்: குமரிக் கரையில் இருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தில் மரைன் டேங்க் வைக்க ஆசைப்படுகிறவருக்கு முதலில் வரும் யோசனை இதுதான்: கடல் பக்கத்திலேயே கிடக்கிறது, மணலுக்கு எதற்குக் காசு? சொத்தவிளைக்கோ சங்குத்துறைக்கோ போய் ஒரு சாக்கு அள்ளிவந்தால் போதாதா? போதாது. மற்ற தவறுகளைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். தவறான மணலைப் போட்டு, மேலே பாறை அடுக்கி, மீனும் விட்டபிறகு அதை வெளியே எடுப்பது பெரும்பாடு.

நம் கரை மணலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐஆர்இஎல் (இந்தியன் ரேர் எர்த்ஸ்) ஆலை கரை மணலிலிருந்து இல்மனைட், ருட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் ஆகிய கனிமங்களைப் பிரித்தெடுக்கிறது. தேவியின் கல்யாணம் நின்றுபோனதால் அரிசியெல்லாம் மணலாயிற்று என்ற கதையோடு கன்னியாகுமரியில் வண்ண மணல் பாக்கெட் விற்பார்களே, அதிலுள்ள கறுப்பு பெரும்பாலும் இல்மனைட், சிவப்பு கார்னெட். இல்மனைட்டில் இரும்பு உண்டு. வலுவான காந்தம் அதை இழுக்கும். மீன்தொட்டிக் கண்ணாடியைத் துடைக்கும் காந்த பிரஷ்ஷில் இந்தக் கறுப்புத் துகள் நான்கு ஒட்டிக்கொண்டால் போதும், ஒரே இழுப்பில் கண்ணாடி முழுக்கக் கீறல்தான். அக்ரிலிக் தொட்டியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். பம்பின் ரோட்டாரிலும் காந்தம் இருப்பதால் அங்கேயும் போய்ச் சேரும். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. அந்தப் பகுதிக் கரைகளில் இயற்கைக் கதிர்வீச்சு அதிகமாக இருப்பதற்கு அதுவே காரணம். அதை வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்க ஒரு தேவையும் இல்லை.

சட்டமும் இதற்கு இடம் தரவில்லை. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் கரை மணல் அள்ளுவதைத் தடுக்கின்றன. விதி இல்லாவிட்டாலும்கூட, கடலரிப்பால் வீடுகளையே இழந்துகொண்டிருக்கும் கரை இது. அங்கிருந்து ஒரு கூடை மணலும் எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஏற்கெனவே வீட்டில் மணல் இருக்கிறது, என்ன வகை என்று தெரியவில்லை என்றால் வினிகர் நாலு சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் அதில் கால்சியம் கார்பனேட் இருக்கிறது. சும்மா கிடந்தால் பெரும்பாலும் குவார்ட்ஸ். குவார்ட்ஸ் விஷம் ஒன்றும் இல்லை, தண்ணீரில் கரையாது என்றே சொல்லலாம். புதுத் தொட்டியில் மணல்மேல் படியும் பழுப்புப் படலத்துக்கு அதைக் குறைசொல்வார்கள். எந்த மணல் போட்டாலும் முதல் வாரங்களில் அந்தப் படலம் வரத்தான் செய்யும். அப்புறம், ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மணலில் துழாவுங்கள். கறுப்பாக ஏதாவது ஒட்டினால் அந்த மணல் வேண்டாம்.

பவளத்துண்டு, சிப்பி விஷயத்திலும் கவனம் வேண்டும். கல் பவளங்களை 2001-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். உயிருள்ளதானாலும் செத்த துண்டானாலும் எடுப்பதும் விற்பதும் குற்றம். யாராவது மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். கன்னியாகுமரிக் கடைகளில் பளபளவென்று இருக்கும் சங்கு, சிப்பிகளில் பலவற்றை ஆசிட்டில் கழுவி, வார்னிஷோ பெயிண்டோ அடித்திருப்பார்கள். அலமாரிக்கு அழகுதான், தொட்டிக்குள் வேண்டாம்.

சரி, எதைப் போடுவது? பாக்கெட்டில் வரும் அரகோனைட் மணல், அதாவது கால்சியம் கார்பனேட்டாலான மணல். பருமன் 1 முதல் 2 மில்லிமீட்டர், அதாவது ரவையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் பெரும்பாலான தொட்டிகளுக்குப் பொருந்தும். மாவுபோல் நைசாக இருந்தால், தொட்டியில் அலை கிளப்பும் வேவ்மேக்கர் ஓடும்போதெல்லாம் கிளம்பிப் பாறைமேல் படியும். 5 மில்லிமீட்டர் சரளையாக இருந்தால் தீனியும் கழிவும் இடுக்குகளில் இறங்கி அழுகும். அரகோனைட் போட்டால் பிஹெச் தானாகச் சரியாக இருக்கும் என்று கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது. பிஹெச் 7.7 அளவுக்கு இறங்கினால்தான் அது கவனிக்கும்படி கரையும். நம் தொட்டியில் இருக்க வேண்டியதோ 8.1 முதல் 8.4 வரை. ஆகவே காரத்தன்மையைக் கிட் வைத்து அளந்து 8 முதல் 12 டிகேஹெச்சுக்குள் (காரத்தன்மையை அளக்கும் அலகு) வைத்திருப்பது நம் வேலை. மணலின் வேலை இல்லை.

ஆழம் 3 முதல் 5 சென்டிமீட்டர் போதும். மூன்றடிக்கு ஒன்றரையடித் தொட்டியில் 3 சென்டிமீட்டர் பரப்ப ஏறக்குறைய 12 லிட்டர் மணல், எடையில் 17 கிலோ பக்கம் வரும். கழிவால் தண்ணீரில் சேரும் நைட்ரேட்டைக் குறைக்க ஆழமான மணல்படுகை வேண்டும் என்பவர்கள் 10 சென்டிமீட்டருக்குக் குறையாமல், நைசான மணலில் போடுவார்கள். இரண்டுக்கும் நடுவே ஏழு, எட்டு என்று நிறுத்துவதில் பயன் கிடைப்பதில்லை, அழுக்கு மட்டும் சேர்கிறது. மணலுக்குள் புதைந்து தூங்கும் ராஸ் வகை மீன்களுக்கு 5 சென்டிமீட்டர் நைஸ் மணலாவது வேண்டும். பாறையை முதலில் கண்ணாடித் தரையில் உட்காரவைத்து, அதைச் சுற்றி மணல் போடுங்கள். மணல்மேல் பாறை வைத்தால் கோபி மீன் அடியில் குழி பறித்து ஒருநாள் சரித்துவிடும்.

உலர்ந்த மணலைத் தண்ணீர் தெளியும்வரை அலசிப் போட வேண்டும். உயிருள்ள பாக்டீரியாவோடு ஈரமாக வரும் லைவ் சாண்டை அலசவே கூடாது. அலசினால் நாம் காசு கொடுத்த பாக்டீரியாதான் போகும்.

இனி பராமரிப்பு. அதிகமாக மீன் சாவது இங்கேதான். ஒன்றிரண்டு வருஷம் மணலைத் தொடாமல் விட்டுவிடுவார்கள். ஒருநாள் உற்சாகம் வந்து மொத்தத்தையும் கிளறுவார்கள். பிராணவாயு போகாத அடிப்பகுதியில் கறுத்துப்போன திட்டுகள் இருக்கும், அழுகிய முட்டை வாடை வரும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. கிளறியதும் அதுவும், சேர்ந்துகிடந்த கழிவும் ஒரேயடியாகத் தண்ணீரில் கலக்கும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்போதுதான் என்ன செய்தோம் என்று புரியும். தண்ணீர் மாற்றும்போதெல்லாம் கால்பங்குப் பரப்பை மட்டும் சைஃபன் குழாயால் உறிஞ்சி எடுங்கள். அடுத்தமுறை அடுத்த கால்பங்கு. கவனிக்காமல் விட்ட பழைய மணல் என்றால் இன்னும் சிறிய பகுதியாக, மேல்பரப்பிலிருந்து தொடங்குங்கள். 10 சென்டிமீட்டர் ஆழப் படுகையை அடிவரை தோண்டக் கூடாது. மேல்பரப்பு மட்டும் போதும்.

சைஃபனில் வந்த மணலைக் குழாய்த் தண்ணீரில் கழுவித் திரும்பப் போடுவது இன்னொரு வழக்கம். நன்னீரும் குளோரினும் அதிலுள்ள உயிரைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த உப்புத் தண்ணீரிலேயே அலசுங்கள்.

மணலைக் கிளற நட்சத்திரமீன் வாங்கச் சொல்வார்கள். சின்னத் தொட்டியில் அது மணலிலுள்ள சிற்றுயிர்களைத் தின்று தீர்த்துவிட்டு, பிறகு பட்டினி கிடந்து சாகும். நசாரியஸ் நத்தைகள் சில போதும், அவை மிச்சத் தீனியைத் தின்று மணலையும் லேசாகப் புரட்டும்.

கடல்தண்ணீரையே பிடித்துப் பயன்படுத்துகிறவர்கள் மழைக்காலத்தில் மணக்குடி, தேங்காப்பட்டணம் போன்ற ஆற்று முகத்துவாரங்களையும் டீசல் மிதக்கும் துறைமுகங்களையும் தவிர்க்க வேண்டும். ஆற்று நீர் கலந்த தண்ணீரில் வரும் நைஸ் சேறு மணல் இடுக்கை அடைத்துவிடும், உப்பளவும் குறைந்திருக்கும். நமக்கோ இரண்டு பருவமழையும் உண்டு. பிடித்த தண்ணீரை டிரம்மில் தெளியவிட்டு, மேல்தண்ணீரை மட்டும் எடுத்து, உப்பளவு பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

கரண்ட் போவதையும் இதோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. பம்பு நின்றால் மீன் மட்டுமல்ல, மணலிலுள்ள பாக்டீரியாவும் அதே பிராணவாயுவைத்தான் எடுக்கும். அழுக்கேறிய மணல் உள்ள தொட்டி சுத்தமான தொட்டியைவிடச் சீக்கிரம் மூச்சுத் திணறும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும். மழை தொடங்குமுன் சைஃபன் வேலையையும் முடித்துவிடுங்கள்.

வீடு மாறும்போது பழைய மணலை அப்படியே அள்ளிப் புதுத் தொட்டியில் கொட்டாதீர்கள். மேலே இருந்த ஒரு கையளவைத் தொட்டித் தண்ணீரில் அலசித் தனியாக வையுங்கள். மீதிக்குப் புது மணல் வாங்கி, அலசிப் பரப்பி, அதன்மேல் இந்தக் கையளவைத் தூவுங்கள். பாறைகளை வழியில் காயவிடாமல் உப்புத் தண்ணீரிலேயே கொண்டுபோங்கள். மீனுக்கு விஷமான அம்மோனியாவை முதல் இரண்டு வாரம் தினமும் அளந்து பாருங்கள். அது பூஜ்யத்தில் நிலைத்தபிறகு புதிதாக மீன் வாங்கலாம்.