மே மாசத்துல போய் கண்மாயத் தேடாதீங்க: ஜியாகிரஃபி ப்ராஜெக்ட் பண்ற பசங்களுக்கு

மாசி பொறந்துட்டா போதும், லேப்டாப்பத் தூக்கிக்கிட்டு ஃபைனல் இயர் பசங்க ஒவ்வொருத்தரா வர ஆரம்பிச்சிருவாங்க. "அண்ணே, மேப் மட்டும் ஒரு அஞ்சு நிமிஷம் பாத்துச் சொல்லுங்கண்ணே"ம்பாங்க, அந்த அஞ்சு நிமிஷம் இருட்டுற வரைக்கும் போகும். நான் எம்எஸ்சி படிச்சது கடலோரத்துல இருக்க ஒரு யுனிவர்சிட்டியில, அங்க எங்க செட்டு மொத்தமும் கடற்கரை மாற்றம்னு தலைப்பு எடுத்துச்சு. மதுரைக்கு வந்தா இங்க மொத்த செட்டும் கண்மாய் மாற்றம்னு எடுக்குது, அதாவது பழைய சாட்டிலைட் படத்தையும் புதுசையும் பக்கத்துல வச்சு ஊர் ஏரியெல்லாம் எவ்வளவு மாறிருக்குன்னு பாக்குறது. தலைப்புதான் வேற, அங்க நாங்க பண்ணி வச்ச அதே தப்புகள இங்கயும் அச்சுப் பிசகாமப் பண்றாங்க.

ஸ்பெல்லிங், அலைன்மென்ட், மேப்புல ஸ்கேல் இல்ல, லெஜண்ட் இல்ல, இதெல்லாம் இங்க பேசப்போறதில்ல. அத எந்த எக்ஸ்டர்னலும் ரெண்டு நிமிஷத்துல சொல்லிருவாரு.

மேகம் இல்லாத படமாப் பாத்து எடுக்குறது

இன்னமும் எனக்கு எரிச்சல் வர்றது இதுலதான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

லேண்ட்சாட்ங்கற அமெரிக்க சாட்டிலைட் எடுக்குற படம் 2008லருந்து இலவசம், யாரு வேணும்னாலும் எறக்கிக்கலாம். டவுன்லோட் பண்ற எடத்துல மேகம் எத்தனை சதவீதம் வரைக்கும் பரவாயில்லன்னு ஒரு பெட்டி கேக்கும். நம்ம ஆளு பத்துக்குக் கீழன்னு போடுவாரு, வர்றதுல நல்லாத் தெரியிற படம் ஒண்ண எடுத்துக்குவாரு, தேதியப் பாக்கவே மாட்டாரு. அங்கேயே ப்ராஜெக்ட் முடிஞ்சுச்சு.

நம்ம பக்கம் மழை பூராம் ஐப்பசி கார்த்திகையிலதான். கண்மாய் ரொம்புற நாள்ல எல்லாம் மேல மேகம் அப்பிக் கெடக்கும், அந்தப் படங்கள அந்தப் பெட்டியே கழிச்சுத் தள்ளிரும். சுத்தமா மிஞ்சுறது மாசியிலருந்து வைகாசி வரைக்கும் உள்ளது, அதாவது கண்மாய் வத்திக்கிட்டே வந்து கடைசியில காஞ்சு வெடிச்சுக் கெடக்குற மாசங்க. நீங்க மேகமில்லாத படம் கேட்டீங்க, அது தண்ணியில்லாத படத்த எடுத்துக் கையில குடுத்துருச்சு.

போன செட்டுல ஒரு பொண்ணு, நல்லா உழைக்கிற பொண்ணு, மேலூர் வட்டத்துல நீர்நிலை மாற்றம்னு எடுத்துருந்துச்சு. பழைய படம் ஒரு ஜனவரி, புதுப் படம் ஒரு மே. படத்துல தண்ணி எது, நெலம் எதுன்னு பிரிக்கிற கிளாசிஃபிகேஷன் எல்லாம் குறை சொல்ல முடியாது, ரிசல்ட்ல பாதிக் கண்மாய்க்கு மேல காணோம், காரணம்னு போட்டு "நகரமயமாதல், ஆக்கிரமிப்பு"ன்னு நாலு பக்கம் எழுதி வச்சிருக்கு. பட்டியல்ல மொதல்ல இருந்த கண்மாயக் காட்டி, இங்க எந்த நகரம்மா வந்துச்சுன்னு கேட்டேன். கூகுள் எர்த்துல கிட்டக்க போய்ப் பாத்தா கரை அப்படியே இருக்கு, தண்ணி தொறந்து விடுற மடை இருக்கு, ரொம்புனா வழிஞ்சு போற கலுங்கு இருக்கு, உள்ள வண்டல் மண் அள்ளுன லாரித் தடம் வளைஞ்சு வளைஞ்சு தெரியுது. கண்மாய் அங்கனயேதான் கெடக்கு, தண்ணிதான் இல்ல. "கப்பா வேல்யூ நல்லா வந்துருச்சேண்ணே"ன்னுச்சு பாவம். அன்னைக்கு அந்தப் படத்துல தண்ணியத் தண்ணின்னு சரியாப் பிரிச்சியாங்கறத மட்டும்தான் கப்பா சொல்லும், எதுக்கு மே மாசத்தப் போய் எடுத்தன்னு அது கேக்காது. வைவாவுக்கு பத்து நாள் இருக்கப்ப மொதல்லருந்து எல்லாத்தையும் பண்ணுச்சு, ராத்திரி ராத்திரியா.

இதுல பெரிய கொடுமை என்னன்னா, நெஜமாவே நடக்குற ஆக்கிரமிப்பு இந்த மாதிரி மேப்புல சிக்கவே சிக்காது. ஆக்கிரமிப்பு ஆரம்பிக்கிறது நீர்ப்பிடிப்பு ஓரத்துல, அப்புறம் கண்மாய்க்குத் தண்ணி கொண்டு வர்ற வரத்துக்கால்ல. வரத்துக்கால் பல ஊர்ல ரெண்டு ஆள் படுத்தாத் தீந்துபோற அகலம்தான் இருக்கு, லேண்ட்சாட் படத்துல ஒரு புள்ளி, அதாவது பிக்சல், தரையில 30 மீட்டர். போன வருசம் வரைக்கும் தண்ணி வந்த காலு இந்த வருசம் பிளாட்டுக்குக் கீழ போயிருந்தாலும் உங்க படத்துல ஒண்ணும் தெரியாது. இல்லாதத இருக்குன்னு எழுதி, இருக்கறத விட்டுட்டு, அத பைண்டிங் போட்டு லைப்ரரியில வச்சிர்றோம், அடுத்த செட்டு அத எடுத்து லிட்ரேச்சர் ரிவ்யூல போடுது.

சரி, ரெண்டுமே ஜனவரின்னு எடுத்துட்டேன், போதுமான்னா அதுவும் போதாது. 2005ல வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீத்துச்சு, 2016ல 60 சதவீதத்துக்கும் மேல கொறஞ்சு போயி 2017 ஆரம்பத்துல தமிழ்நாட்டையே வறட்சின்னு அறிவிச்சாங்க. 2006 ஜனவரியையும் 2017 ஜனவரியையும் பக்கத்துல பக்கத்துல வச்சா மதுரை மாவட்டத்துல கண்மாயே இல்லாமப் போனாப்ல தெரியும். நீங்க அளந்தது கண்மாய இல்ல, மழைய.

மேலூர்ப் பக்கம்னா இன்னொரு சிக்கலும் இருக்கு. அங்க நெறைய கண்மாய் மழைய மட்டும் நம்பி இல்ல, பெரியாறு தண்ணி. 1895லருந்து மலையக் கொடைஞ்சு இந்தப் பக்கம் வர்ற தண்ணி, வைகை அணையில சேந்து, பேரணையில பிரிஞ்சு பெரியாறு மெயின் கால்வாய் வழியா வருது. எப்பத் தொறப்பாங்கங்கறது அணையில எவ்வளவு இருக்குங்கறதப் பொறுத்தது, ஒரு வருசம் ஜூன், ஒரு வருசம் செப்டம்பர், சில வருசம் கடைமடைக்கு வந்தே சேராது. பக்கத்துலயே இருக்க மானாவாரிக் கண்மாய் காஞ்சு கெடக்கும், கால்வாய்க் கண்மாய் ததும்பும். ரெண்டையும் ஒரே கூடையில போட்டு சராசரி எடுத்தா அந்த நம்பருக்கு அர்த்தமே கெடையாது.

அப்ப என்னதான் பண்றது? மழை ஓஞ்சு தண்ணி நிக்கிற நேரம், தை மாசம், அதுதான் நமக்கு நல்ல ஜன்னல். பழசுலயும் புதுசுலயும் ஒத்தப் படம் எடுக்காம அங்கிட்டு நாலஞ்சு வருசம் இங்கிட்டு நாலஞ்சு வருசம் தைப் படமா எடுங்க, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல அந்த வருச மழையையும் அணை தொறந்த தேதியையும் எழுதுங்க. ஐப்பசி கார்த்திகையே வேணும்னா சென்டினல் 1ங்கற ஐரோப்பிய சாட்டிலைட்டோட ரேடார் படம் இருக்கு, 2014ல அனுப்புனது, அதுக்கு மேகம் ஒரு பொருட்டே இல்ல. எல்லாத்துக்கும் மேல, கண்மாய்ப் பரப்பு வேற, தண்ணி நிக்கிற பரப்பு வேறன்னு ரெண்டு லேயரா வைங்க. மொதலாவது சர்வே ஆஃப் இந்தியா மேப்பான டோபோஷீட்லயும், நெலக் கணக்கு எழுதுற கிராமத்து அ பதிவேட்டுலயும் இருக்கு, ரெண்டாவதுதான் சாட்டிலைட்ல இருக்கு.

கடற்கரையும் இதே கதைதான். தனுஷ்கோடி மணல்திட்டுல காத்து மாற மாற மணலும் எடம் மாறும், ஒரு வருசம் மே மாசக் கரையையும் இன்னொரு வருசம் டிசம்பர் கரையையும் கழிச்சுப் பாத்து அரிப்புன்னு எழுதுனா அது அரிப்பே இல்ல, சீசன்.

பச்சையா இருந்தா விவசாயம்ங்கறது

கண்மாய்க்குள்ள பச்சையாத் தெரிஞ்சா எழுபது சதவீதம் பேர் விவசாய நிலம்னு போடுறாங்க (எழுபது என் வாய்க்கு வந்த கணக்கு, கோச்சுக்காதீங்க). அது சீமைக்கருவேலம். மே மாச வெயில்ல ஊரே பழுப்பாக் கெடக்கப்ப பளிச்சுன்னு பச்சை காட்டுற ஒரே ஆளு அவன்தான். ஒரு பையன் இத வச்சு "பசுமைப் பரப்பு அதிகரித்துள்ளது"ன்னு நல்ல செய்தி மாதிரி முடிவுரை எழுதிட்டு வந்தான்.

ஊருக்குள்ள இருக்க கண்மாய்ல இதுக்கு நேர் எதிர். வண்டியூர், செல்லூர்ப் பக்கம் ஆகாயத்தாமரை மண்டுன நேரத்துல படம் எடுத்துப் பாருங்க, கீழ ஆள் முங்குற தண்ணி இருக்கும், மேப்புல செடின்னு வரும். நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துருங்க, மாட்டுத்தாவணியிலருந்து வண்டியூர் என்ன தூரமா?

78 டிகிரி கோடு

வேற ஊர்க்காரனுக்கு இந்தத் தொல்லை இல்ல, நமக்குன்னே எழுதி வச்சது. பூமிய 6 டிகிரிப் பட்டையா வெட்டி ஒவ்வொரு பட்டைக்கும் தனித்தனியா மீட்டர் கணக்கு வைக்கிற முறைதான் யுடிஎம், அந்தப் பட்டைக்குப் பேரு ஸோன். ஸோன் 43 கிழக்குத் தீர்க்கரேகை 78 டிகிரியில முடியுது, அங்கருந்து 44. அந்தக் கோடு மதுரைக்கு மேக்கால நாகமலையக் கடந்து போகுது. தேனி, உசிலம்பட்டி, வைகை அணை, திருமங்கலம் எல்லாம் 43. மதுரை, மேலூர், மானாமதுரை, ராமநாதபுரம் 44. வைகை ஆத்தையே ரெண்டா வெட்டிருச்சு.

ஜிபிஎஸ் கருவி இதத் தானா மாத்திக்கும், உங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருக்காது. ரெண்டு பேரு, ஒருத்தன் உசிலம்பட்டி, ஒருத்தன் மேலூர், பாயிண்ட் எடுத்துட்டு வந்து ஒரே எக்செல்ல அடிச்சாங்க, ஸோனுக்குன்னு ஒரு நெடுவரிசை போடல. மொத்தத்தையும் 44ன்னு ஏத்துனா உசிலம்பட்டிக் கெணறு பூராம் இலங்கையத் தாண்டி வங்காள விரிகுடாவுல மெதக்குது. கிழக்கு மேற்குத் தூரத்தச் சொல்ற ஈஸ்டிங் நம்பரப் பாத்தாலே தெரிஞ்சிருக்கும், உசிலம்பட்டி 8 லட்சத்துச் சொச்சம், மேலூர் 2 லட்சத்துச் சொச்சம். பேசாம ஃபீல்ட்ல அட்சரேகை தீர்க்கரேகையா, டெசிமல் டிகிரியில எடுத்துட்டு வந்துருங்க, ரூமுக்கு வந்து மொத்த வைகைப் படுகைக்கும் 44ன்னே ஒரே ஸோனா வச்சுக்கங்க. அதனால பரப்பளவுல வர்ற பிசகு அரை சதவீதம் கூட இருக்காது.

இதோட ஒட்டி இன்னொண்ணு: மதுரைக்கு 58 கே/1ன்னு பழைய டோபோஷீட் ஸ்கேன் ஒண்ணு கை மாறிக் கை மாறி வந்துக்கிட்டிருக்குமே, அது எவரெஸ்ட் டேட்டம், அதாவது பூமியோட வடிவத்துக்கு அந்தக் காலத்துல வச்ச அடிப்படைக் கணக்கு. ஜிபிஎஸ்ஸுக்கு வேற கணக்கு, டபிள்யூஜிஎஸ் 84. அப்படியே மேல வச்சா நூறு மீட்டருக்கு மேல தள்ளி நிக்கும், ரோடு கண்மாய்க்குள்ள போகும். சாட்டிலைட் படம் தப்புன்னு சொல்லிக்கிட்டு வராதீங்க.

ஷேப்ஃபைல வாட்ஸ்அப்ல அனுப்புறது

மேப் லேயர வைக்கிற ஷேப்ஃபைல்ங்கறது பேருக்குத்தான் ஒண்ணு, உள்ள நாலஞ்சு ஃபைல் சேந்தது, அதுல ஒத்த ஃபைல் மட்டும் வந்து ஒண்ணுக்கும் ஆகாது. எல்லாத்தையும் சேத்து ஜிப் பண்ணி அனுப்புங்க.

லேண்ட்சாட் 7

இந்த சாட்டிலைட் 2003 மே மாசக் கடைசிக்கு அப்புறம் எடுத்த படம் கோடு கோடா வரும். வேற படம் எடுங்க.

ரெண்டு டெசிமல்

கடற்கரை வருசத்துக்கு 2.37 மீட்டர் அரிக்குதுன்னு அட்டவணை. எதுலருந்து எடுத்தீங்க? 30 மீட்டர் பிக்சல்லருந்து. சாஃப்ட்வேர் எத்தனை டெசிமல் வேணும்னாலும் குடுக்கும், அதுக்கு என்ன போச்சு. பிசகு எவ்வளவுன்னு பக்கத்துலயே எழுதுங்க, எழுதும்போதே அந்த 0.37 வெக்கப்பட்டு ஓடிரும்.

ஊர்ல போய்க் கேக்குற கேள்வி

கொஸ்டினேர்ன்னு ஒரு அஞ்சு பக்கம் அடிச்சு எடுத்துட்டுப் போறாங்க. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஊர்ல வேப்பமரத்தடியில வெத்தலை இடிச்சுக்கிட்டிருந்த அம்மாகிட்ட நம்ம பையன் "நீர்வளக் குறைவினால் உங்கள் வாழ்வாதார உத்திகளில் ஏற்பட்ட மாற்றங்கள் யாவை?"ன்னு வாசிச்சான். அந்தம்மா இடிக்கிறத நிறுத்திட்டு, "எய்யா, ரேசன் கார்டுல பேரு சேக்கணுமா?"ன்னுச்சு. அவனும் அந்தக் கட்டத்துல "தெரியாது"ன்னு டிக் அடிச்சுட்டு அடுத்ததுக்குப் போயிட்டான்.

அந்தம்மாவுக்குத் தெரியாததா? நாலே கேள்வி போதும். கண்மாய் ரொம்பி வழிஞ்சு கடைசியா மறுகால் எப்ப போச்சு? தண்ணி எந்தக் கண்மாய்லருந்து வருது, இங்க ரொம்புனா எங்கிட்டுப் போகுது? வரத்துக்கால் எந்த எடத்துல அடைஞ்சு கெடக்கு? மடையத் தொறந்து வயலுக்குத் தண்ணி பாய்ச்சுற நீர்பாய்ச்சி இப்ப யாரு? மறுகால் கேள்விக்கு யாரும் வருசம் சொல்ல மாட்டாங்க, "எம்பேத்திக்குக் காது குத்துன வருசம்"பாங்க. குறிச்சுக்கங்க, பேத்திக்கு இப்ப என்ன வயசுன்னு கேளுங்க, வந்து மழைக் கணக்கோட ஒட்டிப் பாருங்க, அசந்து போவீங்க. நீர்பாய்ச்சின்னு இப்ப யாருமே இல்லன்னு சொன்னாங்கன்னா அத விட்டுட்டு வந்துராதீங்க, யாரு கடைசியா இருந்தாரு, அவருக்குக் கூலியா நெல்லு அளந்தது எப்ப நின்னுச்சுன்னு கேளுங்க, உங்க ப்ராஜெக்ட்ல ஒரு சாப்டரே அங்கதான் இருக்கு.

சித்திரைத் திருவிழா வாரத்துல ஃபீல்ட் ஒர்க்

ஊர்ல ஆள் இருக்காது. நீங்களும் போய் அழகரப் பாத்துட்டு வாங்க.

தீவுக்குப் போறது

மன்னார் வளைகுடா எடுத்த ஆளுங்களுக்கு மட்டும். அந்த 21 தீவும் 1986லருந்து கடல்சார் தேசியப் பூங்கா, அதுல ரெண்டு ஏற்கனவே தண்ணிக்குள்ள போயிருச்சு, பழைய மேப்பப் பாத்து வரைஞ்சு வைக்காதீங்க. மண்டபத்துல தெரிஞ்ச போட்டுக்காரர் இருக்காருன்னு கெளம்பிராதீங்க, வனத்துறை அனுமதி கையில வேணும், டிபார்ட்மென்ட் சீல் வச்ச லெட்டர் போய்த் திரும்பி வர ரொம்ப நாளாகும், அதனால கார்த்திகையிலயே எழுதிப் போடுங்க.