பதில் சொல்வதற்கு முன் ஒரு மூச்சு

வாக்குவாதத்தில் எதிராளி பேசி முடிக்கும் முன்பே நம் பதில் தயாராகிவிடும். அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்து நெஞ்சு படபடக்கும்போது வருகிற அந்த முதல் பதிலை நம்பாதீர்கள். 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை மெல்ல விடுங்கள். மூச்சு வெளியேறும்போது இதயத்துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும்.

ஆனால் வெறுமனே மௌனமாக இருந்தால் எதிரில் இருப்பவர் அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்வார் (முகத்தையும் திருப்பிக்கொண்டால் கேட்கவே வேண்டாம்). அதனால், "நீங்க சொன்னதை யோசிக்கிறேன், ஒரு நிமிஷம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அப்படியும் சூடு தணியவில்லையா? "சாயங்காலம் ஆறு மணிக்குப் பேசலாம்" என்று நேரம் குறித்துவிட்டு எழுந்திருங்கள். நேரம் சொல்லாமல் போனால் தப்பித்து ஓடுவதாகத்தான் தெரியும். வாட்ஸ்அப் சண்டை என்றால் இன்னும் சுலபம். டைப் செய்ததை அனுப்பாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிடலாம்.